முப்பத்தாறு இஞ்ச் இடுப்பு

ஆரணியில் பாதி அரிசி மில்களில் தருமன் ஒட்டிய இரும்பு இருக்கிறது. நெல் கொட்டும் தொட்டி, ஏணி, புகைபோக்கிக்கு முட்டு, மில்காரர் வீட்டுக்குக் கேட். அவனுக்கு நாற்பத்தொரு வயது; அதில் இருபத்து மூன்று வருடம் வெல்டிங் கண்ணாடிக்குப் பின்னால் போயிற்று. அவன் ஒட்டுப் போட்டால் மீன் செதிலை அடுக்கி வைத்ததுபோல வரிசையாக விழும். அதை ஒருவரும் நின்று பார்த்ததில்லை. சூடு ஆறுவதற்குள் பெயிண்ட் டப்பாவோடு யாராவது வந்துவிடுவார்கள். கேட் செய்துகொண்டவர்கள், "மயிலு சூப்பரா கீதுப்பா" என்பார்கள். மயில் சென்னையிலிருந்து வார்த்து வந்தது. அதைக் கேட்டோடு சேர்த்துப் பிடித்த ஒட்டுதான் தருமனுடையது.

அவனுக்கு இன்னொரு குணமும் உண்டு. மாட்டேன் என்ற வார்த்தை வாயில் வராது. யார் எதைக் கேட்டாலும் "ஆவட்டுங்க" என்பான். இந்தக் குணத்தை ஊரில் எல்லோரும் நல்ல குணம் என்று புகழ்ந்தார்கள். அவனை வேலை வாங்குகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் புகழ்ந்தார்கள்.

பட்டுக்கடை ஜெகநாதன் அவனைத் தேடி வந்தது தை மாதத்தில். போளூர் பக்கத்து வியாபாரி ஒருவர் பந்தயக் குதிரை வாங்கியதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து ஜெகநாதனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று அவருடைய மச்சான் தீனா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பெங்களூரில் ஒரு டாக்டரிடமிருந்து இரண்டே சீட் உள்ள வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கி, மினி லாரியில் ஏற்றி, பட்டறை வாசலில் இறக்கினார்கள். சிவப்பு நிறம். இடுப்புயரம்கூட இல்லை. உட்காருகிறவன் கிட்டத்தட்டத் தரையில் படுக்க வேண்டும்.

"தருமா, இத ராலி வண்டியா மாத்தற. ஆவணியில கோயமுத்தூரு பக்கம் மண்ரோட்டுல போட்டி. நான் ஓட்டறேன், தீனா பக்கத்துல உக்காந்து ரூட்டு படிக்கிறான்" என்றார் ஜெகநாதன்.

"ஆவட்டுங்க" என்றான் தருமன். ராலி வண்டியை அவன் போனில்கூடப் பார்த்ததில்லை.

போட்டி விதிப் புத்தகம் எண்பத்து நான்கு பக்கம். இங்கிலீஷ். தருமனின் மனைவி துர்கா தறியில் உட்கார்ந்தபடியே போனில் அதைத் தமிழாக்கி, நாளுக்கு நாலு பக்கம் என்று படித்துச் சொன்னாள். வண்டிக்குள் இரும்புக் குழாயில் ஒரு கூண்டு கட்ட வேண்டும். வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவர்மேல் கூரை இறங்கக் கூடாது. குழாய் இன்ன ரகம், இன்ன கனம். வளைத்த குழாயை அறுத்து இடையில் துண்டு சேர்க்கக் கூடாது. ஹெல்மெட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் நாலு விரல் இடம் வேண்டும்.

ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் துர்கா நிறுத்தினாள். "இத கேளுங்க. போட்டிக்கு முந்தின நாளு அதிகாரி வருவாராம். ஒவ்வொரு ஒட்டா டார்ச் அடிச்சிப் பாப்பாராம். நல்லா இருந்தாதான் கையெழுத்துப் போட்டு ஸ்டிக்கர் ஒட்டுவாராம்."

"ஒவ்வொண்ணுமா?"

"ஒவ்வொண்ணுந்தான் போட்டிருக்கு."

தருமன் அன்று இரவு சோற்றில் குழம்பை ஊற்றிக்கொள்ளாமலே பாதி சாப்பிட்டுவிட்டான். ஒட்டுத் தெரிந்த ஒரு மனிதர், டார்ச் அடித்து, அவனுடைய ஒட்டைப் பார்க்கப்போகிறார். இருபத்து மூன்று வருடத்தில் கேட்காத ஆசை இப்போது கேட்டது. அந்தக் கூண்டு கோயம்புத்தூர் போய்ச் சேர வேண்டும், அந்த டார்ச் வெளிச்சம் அதன்மேல் விழ வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

முதலில் எடையைக் குறைத்தார்கள். விரிப்பு, ஏசி, பாட்டுப் பெட்டி, கதவுத் தட்டி, தரையில் ஒட்டியிருந்த தார்ப் பட்டை எல்லாம் போயின. ஒவ்வொரு வாரமும் வண்டியை அரிசி மில் எடை மேடையில் நிறுத்தி, சீட்டு வாங்கி, ஜெகநாதன் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். கதவில் இருந்த ஒரு சின்ன மூடியைக் கழற்றச் சொல்லி, "இது நாப்பது கிராம். போட்டியில நாப்பது கிராமு தலையெழுத்த மாத்திடும்" என்றார். காலையில் அவர் இரண்டு பொங்கலும் நாலு வடையும் முடித்திருந்தார். நாற்பது கிராமுக்கு தீனா கைதட்டினான். அவர்கள் போன பிறகு எடை மேடைக்காரர் தருமனிடம் மெதுவாகக் கேட்டார்: "காரு இளைச்சிகினே வருது. ஓனரு எப்ப இளைக்கப் போறாரு?"

தருமன் சிரிக்கவில்லை. முதலாளி இல்லாத இடத்தில்கூட முதலாளியைப் பார்த்துச் சிரித்துப் பழக்கமில்லாதவன்.

சீட் ஆர்டர் செய்யும் நாள் வந்தது. போட்டிக்கான சீட் தொட்டி மாதிரி இருக்கும். இடுப்பை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். அளவு சரியாக வேண்டும்.

"இடுப்பு எத்தினி இஞ்சிங்க முதலாளி?"

"முப்பத்தாறு."

ஜெகநாதன் பொய் சொல்லவில்லை. அவருடைய கல்யாண கோட்டுக்கு அளவெடுத்தபோது முப்பத்தாறுதான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் வேட்டிதான் கட்டினார், கடையில் பட்டு வேட்டி, வீட்டில் நூல் வேட்டி. வேட்டிக்கு ஏது சைஸ்? ஒரு சுற்றில் கொஞ்சம் குறைத்துக் கட்டினால் வேட்டி எவரையும் காட்டிக்கொடுப்பதில்லை. பத்தொன்பது வருடமாக அவர் இடுப்பை எவரும் அளக்கவில்லை, அதுவும் தன்பாட்டுக்கு வளர்ந்தது.

தருமன் இரும்பைக் கண்ணாலேயே ஒரு நூல் பிசகாமல் அளப்பவன். அவன் கண்ணில் பட்டது நாற்பத்தாறு. வாயில் வந்தது, "ஆவட்டுங்க."

"ஏங்க, ஒரு வாட்டி அந்த ஆள உக்கார வெச்சிப் பாத்துடுங்களேன்" என்றாள் துர்கா.

அதற்கும் வழியில்லாமல் போயிற்று. ஜெகநாதனின் மனைவி பானுப்ரியா பெரணமல்லூரில் ஒரு ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இரும்பு, சிவப்பு, வேகம் மூன்றும் சேர்ந்தது ஐயாவுக்கு இப்போது ஆகாதாம். ஆடி வெள்ளியில் படவேட்டு அம்மன் முன்னால் வண்டியை நிறுத்தி, பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கின பிறகுதான் சொந்தக்காரர் அதில் உட்கார வேண்டும். அதுவரை நிழல்கூடப் படக் கூடாது.

"அதனால இன்னா? நீ என் ஒசரந்தானே தருமா. நீயே உக்காந்து அளவெடுத்துக்கோ" என்றார் ஜெகநாதன்.

உயரம் ஒன்றுதான். தருமன் உட்கார்ந்தான். நாலு மாதம் அந்தச் சீட்டில் உட்கார்ந்து, எழுந்து, பென்சிலால் கோடு போட்டு, தன் தலைக்கும் தோளுக்கும் முழங்காலுக்கும் ஏற்றபடி கூண்டைக் கட்டினான். கதவுக்கு உள்பக்கம் குறுக்காக இரண்டு குழாய். அவற்றைத் தாண்டித்தான் உள்ளே இறங்க வேண்டும். மொத்தம் அறுபத்தெட்டு ஒட்டு. எதன்மேலும் பெயிண்ட் படவிடவில்லை. துருப் பிடிக்காமல் இருக்கத் தினமும் எண்ணெய் தடவினான். வண்டிக்கு அடியில் கல் அடிக்காமல் தகடு, உயரமான ஸ்பிரிங், தீயணைப்பு உருளை, ஐந்து முனை பெல்ட் எல்லாம் ஆயிற்று.

இதற்குள் ஜெகநாதன் தன் பெரிய காரில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். தீனா பக்கத்தில் உட்கார்ந்து படிப்பான்: "எரநூறு மீட்டரு, எடது பக்கம் ஒடிங்க மாமா... ஐயோ அது நேத்து ரோடு!" போட்டி உடுப்பை வாங்கியதும் தீனாதான். அவன் மாமாவுக்கு இருப்பதிலேயே பெரிய அளவை வரவழைத்து, கழுத்திலிருந்த அளவுப் பட்டையைப் பிளேடால் வெட்டி எறிந்துவிட்டான். புத்திசாலி. தன் பங்கு உண்மையை மட்டும் சத்தமில்லாமல் சரிசெய்துகொண்டான்.

ஆடி கடைசி வெள்ளி. படவேட்டில் கூட்டம் நெரிந்தது. லாரியிலிருந்து இறக்கிய வண்டிக்கு மாலை, சந்தனம், வேப்பிலை. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். பொங்கல் பானை வைத்திருந்த பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஜெகநாதன் சிவப்பு உடுப்பில், ஹெல்மெட்டோடு, கழுத்தில் மாலையோடு நடந்து வந்தார். பூசாரி கற்பூரம் ஏற்றினார்.

"வலது காலு முன்ன வெச்சி ஏறுங்க!" என்று பானுப்ரியா கத்தினார்.

வலது கால் குழாயைத் தாண்டி இறங்கியது. பிறகு இடது கால். பிறகு ஜெகநாதன் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்லக் கூடாது. சீட்டின் வாயில் அவர் தங்கினார். தீனா தோளைப் பிடித்து அமுக்கினான். எதுவோ முனகிற்று, அது சீட்டா முதலாளியா என்று தருமனுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு சத்தத்தோடு அவர் முக்கால்வாசி உள்ளே போனார். இருபக்கச் சதையும் மேலே பொங்கியது, தலை நிமிர்ந்தது, ஹெல்மெட் மேல் குழாயில் டங்கென்று இடித்தது. கூட்டம் குலவை போட்டது.

"போதும் மாமா, எறங்குங்க" என்றான் தீனா.

ஜெகநாதன் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கம்பீரமாக முன்னால் பார்த்தார். பிறகு மெதுவாக, "தருமா, வரல" என்றார்.

இழுத்தார்கள். ஆளாளுக்கு ஒரு கை. பின்னால் இன்னும் மூன்று டிராக்டரும் ஒரு ஆட்டோவும் பூஜைக்கு வரிசையில் நின்றன. "ஜல்தி ஆவட்டும்பா, எங்களுக்கு வேற வேலை இல்லியா?" என்றது ஒரு டிராக்டர். பூசாரி இரண்டாவது கற்பூரம் ஏற்றினார். கடைசியில் தருமனுக்குத்தான் வழி தோன்றியது. அவன் குனிந்து முதலாளியின் உடுப்பு ஜிப்பைக் கீழே வரை இறக்கினான். நாலு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். உடுப்பு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. ஜெகநாதன் மட்டும் பனியனும் கோடு போட்ட டிராயருமாக வெளியே வந்தார்.

தீனா பதறிப்போய்த் தாம்பாளத்தில் இருந்த பட்டுப் புடவையை எடுத்தான்.

"டேய், அது அம்மனுக்கு!" என்று பானுப்ரியா பிடுங்கிக்கொண்டார்.

தருமன் தன் துண்டைக் கொடுத்தான். அது முப்பத்தாறு இஞ்சுக்குத்தான் போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை பட்டறையில் ஜெகநாதன் நாற்காலியில் உட்காராமல் நின்றார். "சீட்டு வேற வாங்கிக்கலாம். பெரிய சீட்டு வெக்க இந்தச் சைடு குழாய் எடைஞ்சல். மேல் குழாயும் தலையில இடிக்குது. ரெண்டையும் அறுத்துட்டு, துண்டு வெச்சி வெளிய தள்ளி ஒட்டிடு. அடுத்த வாரம் போட்டி."

தருமன் கூண்டைப் பார்த்தான். வாயைத் திறந்தான். வழக்கமான வார்த்தை நாக்குவரை வந்து நின்றது. துண்டு வைத்து ஒட்டிய கூண்டின்மேல் டார்ச் விழுந்தால் அதிகாரி என்ன சொல்வார் என்பது தெரியும்.

"முடியாதுங்க" என்றான்.

ஜெகநாதன் தீனாவைப் பார்த்தார், வேறு யாரோ பேசியதுபோல. "இன்னா சொன்ன?"

"அறுக்க மாட்டேங்க."

"யார்கிட்ட பேசிகினு இருக்கேன்னு தெரியுதா? மாமா, வேலூர்ல ஆள் கீறான். நாளைக்கே அறுத்துடலாம்" என்றான் தீனா.

"அறுக்கட்டும். அறுத்துட்டு ஓட்டப்போறது முதலாளி. பக்கத்துல நீங்க. வண்டி உருண்டா அந்தத் துண்டு உட்டுக்கும். குழாய் நேரா உங்க தலையில வந்து எறங்கும்."

தீனா தன் தலையைத் தடவிக்கொண்டான். ஜெகநாதன் கூண்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்கு அடியிலிருந்து பயம் எட்டிப்பார்த்தது.

"அப்ப யாருதான் ஓட்டறது?" என்றார்.

"மாமா இல்லாத வண்டியில நான் ஏற மாட்டேன்" என்றான் தீனா. அவன் சொன்னதிலேயே உண்மையானது அதுதான்.

அந்தச் சீட்டில் அளந்து செய்ததுபோலப் பொருந்துகிற ஒருவன், ஹெல்மெட் போட்டாலும் நாலு விரல் இடம் மிச்சமிருக்கும் ஒருவன், மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். தருமன் காத்திருந்தான். தன்னை யாராவது பார்ப்பார்கள் என்று அரை நிமிடம் நினைத்தான். ஜெகநாதன் கூரையைப் பார்த்தார். தீனா போனைப் பார்த்தான். அவர்கள் போய்விட்டார்கள்.

மாலைக்குள் ஊருக்குச் செய்தி வந்தது: பட்டுக்கடை முதலாளிக்கு முதுகுத்தண்டில் சிறு கோளாறு, டாக்டர் போட்டிக்குப் போகக் கூடாதென்று அழுதுகொண்டே சொன்னாராம்.

ஆவணி முகூர்த்தங்களுக்குக் கடை வாசல் கண்ணாடிக்குள் வண்டியை ஏற்றி வைத்தார்கள். பொம்மை மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தது. பொம்மைக்கு இடுப்பு சரியாக இருந்தது. பக்கத்தில் கூரைப் புடவையில் பொம்மைப் பெண். கூண்டின் குழாய்களில் புடவைகளை மடித்துத் தொங்கவிட்டார்கள். நழுவி நழுவி விழுந்தன. தருமனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"இங்க இங்க ரெண்டு ரெண்டு கொக்கி ஒட்டிடு தருமா" என்றார் ஜெகநாதன். படவேட்டைப் பற்றியோ பட்டறையைப் பற்றியோ இருவரும் பேசவில்லை.

"ஒட்ட வேணாங்க முதலாளி. கிளாம்பு போட்டுடறேன். குழாய்க்கு ஒண்ணும் ஆவாது."

"பாக்க அசிங்கமா இருக்காதா?"

"புடவ மறைச்சிடுங்க."

அவன் கிளாம்புக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்து, குழாயில் கீறல் விழாதபடி ஒவ்வொன்றாக முறுக்கினான். எட்டாவது கிளாம்பை முறுக்கும்போது, மேல் மூலையில் இருந்த ஒட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்தான். கல்யாணப் பெண்ணின் அம்மா போலிருந்த ஒருத்தி கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் நவுருப்பா. அந்த மாம்பழக் கலரு தெரியல."

தருமன் நகர்ந்துகொண்டான்.