எல்.இ.டி. பல்பும் இருட்டில் முப்பத்தெட்டு கிலோமீட்டரும்

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு விழுப்புரத்தில் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டோம். நானும் என் மனைவி வசந்தாவும். போகவேண்டிய ஊர் திண்டிவனம், தூரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். பால்காரர்கூட தினமும் போய்வரும் தூரம்தான். இதற்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். அன்று அந்த முப்பத்தெட்டு கிலோமீட்டரை நாங்கள் எப்படித் திரும்பி வந்தோம் என்பதை வைத்துத்தான் தனுஷ்கோடிக்குப் போவதா இல்லையா என்று முடிவாக வேண்டியிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீண்ட தூரம் போவதற்கென்றே செய்த மோட்டார் சைக்கிள். உயரமான கைப்பிடி, காற்றைத் தடுக்க முன்னால் ஒரு கண்ணாடி, இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி. புதுச்சேரியில் ஒருவர் வெளிநாடு போவதற்காக விற்றதை வாங்கினேன். நான் மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவன். மற்ற ஊர்க்காரர்கள் அதை நிலக்கடலை என்பார்கள். மூட்டைக்கு நடுவில் நிற்கிற ஆளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று மண்டியில் எல்லோரும் கேட்டார்கள். தனுஷ்கோடியில் நிலம் முடிகிற இடத்தை வசந்தாவும் நானும் நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் பதில். அதை நாலு பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

போன மாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போய்விட்டுச் செஞ்சி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். நன்றாக இருட்டிவிட்டது. சாலையோரத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று விளக்கே இல்லாமல் நின்றிருந்தது. என் வண்டியின் பழைய பல்பு மஞ்சளாக ஒரு வட்டம் போடும், அவ்வளவுதான். கரும்பின் காய்ந்த இலை, அந்தச் சோகை, முகத்தில் உரசுகிற தூரத்தில்தான் டிராக்டரைப் பார்த்தேன். பிரேக் பிடித்ததில் வண்டி சேற்றில் சறுக்கி இருவரும் விழுந்தோம். வசந்தாவுக்கு முழங்காலில் சிராய்ப்பு. பெரிய அடி இல்லை. ஆனால் அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் அவள் வண்டியில் ஏறுவதில்லை.

தனுஷ்கோடிப் பேச்சை நான் மறுபடி எடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டாள்.

"லைட்ட மாத்துங்க. திண்டிவனத்துலேர்ந்து வூட்டு வரைக்கும் இருட்டுல என்னக் கூட்டிக்கினு வாங்க. நான் பயமில்லாம வந்து எறங்கினா தனுஷ்கோடி. இல்லன்னா வண்டிய வித்துடணும். பேச்சு மாறக் கூடாது."

பல்பு மாற்றுவதற்குத் திண்டிவனம்வரை ஏன் போகவேண்டும்? விழுப்புரத்திலும் கடை இருக்கிறது. போன வாரம் போனேன். கடைக்காரர் நீல வெள்ளையாக ஒரு பல்பை எரியவிட்டுக் காட்டினார். வெல்டிங் பட்டறை போலக் கண் கூசியது. "சூப்பரா இருக்குல்ல?" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏ.டி.எம். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பியவன்தான். இப்போது அந்தத் தெருவில் எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கிறேன்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் இரு சக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை. இடது ஓரமாகப் புகுந்து போய்விடலாம். அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் சவுக்கும் கரும்பும் நெல்லும் மாறி மாறி வரும். பின்னால் வசந்தா, சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பட்டப்பகல், ஐம்பது கிலோமீட்டர் வேகம். எங்களைத் தாண்டிப்போன ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டேரிப்பட்டில் மயிலம் போகும் சாலை பிரிகிற இடத்தில் தண்ணீர் குடித்தோம். நான்கேகாலுக்குத் திண்டிவனம்.

கடை நேரு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பது வயது இருக்கும், பேச்சுப் பிரியர். நான் தொண்டையைச் சரிசெய்துகொள்வதற்குள் வசந்தா முந்திக்கொண்டாள்.

"பாய், இந்த வண்டிக்கு லைட்டு வேணும். எதிர்ல இன்னா நிக்கிதுன்னு தெரியணும்."

"ஊருக்குள்ள ஓட்டுவீங்களா, ஹைவேலயாம்மா?"

"தனுஷ்கோடிக்குப் போவணுமாம் இவருக்கு."

"அடேங்கப்பா! பல்பு வாங்க வந்தவரு நீங்களா, அவரா?"

"வாங்குறது அவரு. பேசுறது நானு."

பாய் மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தார். ஒன்று தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய், ஒன்று ஆயிரத்து எண்ணூற்றைம்பது, ஒன்று மூவாயிரத்து இருநூறு. எல்லாமே எச்-4 என்கிற வகை, எங்கள் வண்டியில் பொருந்துவது. விலை அதிகமானதன் மேல் நூற்றிருபது வாட் என்று அச்சடித்திருந்தது.

"அத்த நம்பாதீங்க. அது டப்பாவோட வாட்டு" என்றார் பாய். "அவ்ளோ இழுத்தா உங்க பேட்டரி திருச்சி தாண்டாது."

பழைய பல்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையதில் இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அதே இடத்தில்தான் எல்.இ.டி.யின் சின்ன மஞ்சள் பட்டையும் இருக்க வேண்டும். அப்போதுதான் விளக்குக்குள் இருக்கும் பளபளப்பான கிண்ணம் வெளிச்சத்தைச் சாலையில் விழ வைக்கும். இடம் தவறினால் வெளிச்சம் மரத்துக்கும் எதிரில் வருகிறவர் கண்ணுக்கும் போய்விடும். மலிவானதில் பட்டை தடியாக, இடம் தள்ளி இருந்தது. ஆயிரத்து எண்ணூற்றைம்பதில் சரியாக இருந்தது. நிறமும் அதில் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை. மார்கழிப் பனியில் நீல வெள்ளை போட்டால் எதிரில் பால் ஊற்றியது போல ஆகிவிடும் என்றார் பாய்.

அப்போது நான் ஒன்று கேட்டேன். போனில் படித்திருந்தேன், நான்கு நாட்களாக மனதில் ஓட்டிப் பார்த்த கேள்வி. "பாய், அந்தப் பட்டை... ரெண்டு பக்கமும் பாத்த மாதிரி மாட்டணுமா? மேல கீழ இல்லாம?"

"யம்மா, உங்க வூட்டுக்காரரு பேசுறாரு!" என்றார் பாய். "கரெக்ட்டு சார். இடது வலது பாக்கணும்."

கடைக்குப் பின்னால் இருட்டான ஒரு நீளக் கொட்டகை. அதில் வண்டியை நிறுத்தி, பழைய பல்பை எரியவிட்டு, வெளிச்சத்தின் மேல் விளிம்பு சுவரில் விழுந்த இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டார். பிறகு விளக்கு வளையத்தின் திருகுகளைக் கழற்றி, ரப்பர் மூடியை உருவி, கம்பிக் கொக்கியை விடுவித்து, புதியதை மாட்டினார். புதிய பல்பின் வாலில் சின்ன மின்விசிறி இருக்கிறது, சூட்டைத் தணிக்க. அதற்கு இடம் வேண்டி ரப்பர் மூடியின் துளையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டினார். எரியவிட்டதும் வசந்தா "அம்மாடி" என்றாள். சுவரில் ஒரு சுத்தமான கோடு. கோட்டுக்குக் கீழே பகல், மேலே இருட்டு. சாக்கட்டிக் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே இருந்ததைத் திருகி இறக்கினார். மாட்டுக்கூலி நூற்றைம்பது. வசந்தா ஐம்பது குறைத்தாள்.

வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்ததும் வசந்தா பையைத் திறந்தாள். வண்டிக்குப் புதிதாக எதை மாட்டினாலும் எங்கள் பக்கத்தில் பூஜை போடாமல் எடுப்பதில்லை. டயர் மாற்றினாலும் பொட்டு உண்டு. எலுமிச்சம்பழம், கற்பூரம், சந்தனம், குங்குமம் எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, முகப்பு விளக்கின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பூசினாள். அதன் மேல் குங்குமம். "அங்காளம்மா, இந்தக் கண்ணு நல்லாப் பாக்கணும்" என்று வேண்டிக்கொண்டாள். எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை முன்னால் எடுத்தேன். பாய் கையசைத்தார்.

இருட்ட வேண்டுமே. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தோம். வசந்தா ஒலக்கூரில் இருக்கும் தங்கையிடம் போனில் அரை மணி நேரம் பேசினாள். ஆறரை மணிக்கு இருட்டு முழுதாக இறங்கியது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "எங்க, பாக்கலாம்" என்று ஏறினாள்.

நெடுஞ்சாலைக்கு வந்தோம். சாலை தெரியவில்லை. வெளிச்சம் நிறைய இருந்தது, ஆனால் எல்லாம் காற்றில் இருந்தது. வண்டிக்கு முன்னால் வெள்ளையாக ஒரு புகைப் பந்து. வேப்பமரத்தின் உச்சியெல்லாம் தெரிந்தது, பள்ளம் தெரியவில்லை. முன்னால் போன கார் வேகத்தைக் குறைத்து எங்கள் பக்கத்தில் வந்தது. கண்ணாடியை இறக்கி, "அண்ணே, டிம்ல போடுங்க அண்ணே!" என்றான் ஓட்டியவன். டிம்மில்தான் இருந்தது.

"மெதுவா. மெதுவா!" வசந்தாவின் கை கம்பியில் நகர்வது எனக்குத் தெரிந்தது.

கொஞ்ச தூரத்தில் ஒரு மொபெட்காரர், சாலையின் தவறான பக்கத்தில் எங்களுக்கு நேராக வந்தார். கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நிறுத்தியேவிட்டார்.

"இன்னாய்யா லைட்டு இது? கண்ணே போச்சு! ஆளக் கொல்லப் பாக்குறியா?"

"ராங் சைடுல வந்துக்கினு பேச்சப் பாரு" என்றாள் வசந்தா. அவரைத் தாண்டியதும் குரல் இறங்கியது. "ஆனா அவன் சொல்றது நெசந்தாங்க. இதுக்குப் பழசே தேவல. நீங்க மனசு கஷ்டப்படாதீங்க. வண்டிய விக்கிறப்ப இந்த பல்புக்கும் சேத்துக் கேக்கலாம்."

முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓரமாக ஊர்ந்து கூட்டேரிப்பட்டு வந்து ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். திரும்பிப் போய்ப் பாயிடம் சரியில்லை என்று சொல்ல வேண்டும். அதை நினைத்தாலே வேர்த்தது.

டீ வருவதற்குள் வண்டியைக் கடையின் பக்கச் சுவருக்கு நேராகத் திருப்பி எரியவிட்டேன். பாயின் கொட்டகையில் பார்த்த கோடு இங்கே இல்லை. சுவர் முழுக்க மங்கலான வெள்ளை, நடுவில் சிவப்பாக ஒரு கறை. அங்கே இருந்த கோடு இங்கே எப்படிப் போனது? மாட்டியது அதே பல்பு. வழியில் எதிலும் இடிக்கவில்லை. அந்தச் செங்கறையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொட்டகைக்கும் இந்தச் சுவருக்கும் நடுவில் விளக்குக்கு நேர்ந்தது ஒன்றே ஒன்றுதான். குனிந்து பார்த்தேன். சந்தனம் விளக்கின் கண்ணாடியில் அப்பிக்கொண்டு பால் போலப் பளபளத்தது. ஆயுத பூஜைக்கும் அங்கேதான் வைப்பாள். அந்தப் பொட்டோடு நாங்கள் இருட்டில் ஓட்டியதே இல்லை.

தெரிந்துவிட்டது. சொல்வதுதான் கஷ்டம். அவள் வேண்டிக்கொண்டு வைத்தது.

"வசந்தா... பொட்டு..."

"பொட்டுக்கு இன்னா?"

"இல்ல, வெளிச்சம் அதுல பட்டுத்தான் செதறுதுன்னு..."

"சாமிக்கு வெச்சத கொற சொல்றீங்களா? பல்பு சரியில்ல, பொட்டு மேல பழி!"

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார். விளக்கைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏம்மா, உங்களுக்குப் பொட்டு கண்ணுக்கு மேலதான வெச்சிருக்கீங்க? வண்டிக்கு மட்டும் கண்ணுக்குள்ளயே வெச்சா அது எங்கேர்ந்து பாக்கும்?"

வசந்தா அவரை முறைத்தாள். பிறகு குனிந்து விளக்கைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியபோது அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயே, அந்த மொபெட்டுக்காரன் பாவம்!"

வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து நான்தான் துடைக்கப் போனேன். என்னைத் தடுத்து அவளே துடைத்தாள். துடைத்த சந்தனத்தை வீணாக்காமல் முன்சக்கர மட்காட்டின் மேல் வைத்து, புதிதாகக் குங்குமமும் இட்டாள். சுவரில் கோடு வந்துவிட்டது. ஸ்கேல் வைத்துப் போட்டது போல. டீக்கு முப்பது ரூபாய் கொடுத்தபோது, "லைட்டு செக்கிங்குக்கு தனி" என்றார் மாஸ்டர்.

கூட்டேரிப்பட்டிலிருந்து விழுப்புரம் இருபத்தைந்து கிலோமீட்டர். எத்தனையோ முறை போன சாலை. அதன் வெள்ளைக் கோட்டில் எங்கே பெயிண்ட் போயிருக்கிறது, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். ஓரத்தில் காயப்போட்டிருந்த நெல்லை மூடிய தார்ப்பாயின் மேல் பாரமாக வைத்த கல்கூடத் தெரிந்தது. முன்னால் போனவர்கள் யாரும் கண் கூசிப் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பவில்லை.

விக்கிரவாண்டி தாண்டிய பிறகு வசந்தா தோளைத் தட்டினாள். "ஏங்க, தோ, கரும்பு வண்டி போவுது."

பின்விளக்கே இல்லாத டிராக்டர், இரண்டு டிரெய்லர் நிறையக் கரும்பு. இன்னும் நல்ல தூரத்தில் இருந்தது. தொங்கிய சோகை ஒவ்வொன்றும் தெரிந்தது.

"பாத்துட்டேன்" என்றேன்.

"எனக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியாதா?"

வலதுபக்கம் விலகிப் பொறுமையாகத் தாண்டினேன். தாண்டும்போது அவள் 'மெதுவா' சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். ஒலக்கூர்த் தங்கையின் வீட்டுக்காரர் யாரையும் கேட்காமல் கறவை மாட்டை விற்றுவிட்டாராம். அந்தப் பணத்தில் பெரிய டிவி வாங்கினாராம். தங்கை இரண்டு நாளாகச் சோறு போடவில்லையாம். விழுப்புரம் மேம்பாலம் வரைக்கும் அந்தக் கதைதான். சாலையைப் பார்க்க அவளுக்கு நேரமே இல்லை.

எங்கள் தெருவில் மூன்று விளக்குக் கம்பங்கள், எரிவது ஒன்று. வீட்டுக் கதவின் பூட்டுத் துவாரத்தைத் தினமும் தடவித்தான் கண்டுபிடிப்போம். வண்டியை நிறுத்தப் போனபோது, "அணைக்காதீங்க, கொஞ்சம் எரியட்டும்" என்று சொல்லிவிட்டு அந்த வெளிச்சத்தில் ஒரே தடவையில் பூட்டைத் திறந்தாள். உள்ளே போனவள் திரும்பி வந்தாள்.

"தனுஷ்கோடிக்கு எத்தினி நாளு லீவு வேணும்?"

"அஞ்சு நாள். முதலாளிகிட்ட கேக்கணும்."

"நான் வேணும்னா வந்து கேக்கட்டா?"

"வேணாம்" என்றேன்.

மறுநாள் காலை, முதல் மூட்டையைத் தராசில் ஏற்றுவதற்கு முன்பே, நானே போய்க் கேட்டேன்.