வரைபடத்தில் இல்லாத இரண்டடி

அத்தா பீர் முகம்மது கொத்தனார். உக்கடத்தில் குளத்தை ஒட்டிய எங்கள் பள்ளிவாசலின் நான்கு தூண்களை 1996இல் எழுப்பியவர். மேலே குவிமாடம் வரவேண்டிய இடத்தில் இருபத்தேழு ஆண்டுகளாகத் தகரம்தான் கிடந்தது.

2023இல் மக்காவில் உம்ரா முடிந்து திரும்பும் வழியில் இஸ்தான்புல்லில் சுலைமானிய்யா பள்ளிவாசலைப் பார்த்தார். உதுமானியர் ஏழே ஆண்டுகளில் கட்டி 1557இல் முடித்தது. உடன் போனவர்கள் அண்ணாந்து படம் பிடிக்க, அத்தா ஒரு தூணையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்.

"எம்பத்தேழு அடி அகலம் கண்ணு அந்த டோம். நாலே நாலு பில்லர். முன்னாலயும் பின்னாலயும் அரை டோம் முட்டுக் குடுக்குது. சைடுல முட்டு எங்கன்னு தேடுனேன். செவுத்துக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கான், கள்ளன்!"

அன்றிலிருந்து ஒரே ஆசை. எங்கள் பள்ளிவாசலுக்கு இருபதடியில் ஒரு செங்கல் குவிமாடம், தன் கையால்.

"தூண் தாங்குமான்னு உங்க பொண்ணே பார்த்துச் சொல்லட்டுமுங்க" என்றார் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி நிஜாம்.

நான் சரவணம்பட்டியில் கட்டடப் பொறியாளர். பழைய வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். தூணின் அடித்தளம் நாலடிக்கு நாலடி. களிமண். தாங்காது என்று கையெழுத்திட்டுக் கொடுத்தேன். தூண் போட்டவர் அடுத்த அறையில் இருந்தார். அவரிடம் கேட்கவில்லை.

செங்கலுக்குப் பதிலாக எடை குறைந்த ஃபைபர் குவிமாடம் லாரியில் வந்தது. போல்ட் முடுக்க அத்தாவும் ஏறினார். "காத்துல பறந்துறாமப் பாத்துக்கோங்க" என்றாராம். நான்காம் மாதம் மாரடைப்பில் போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஐயாசாமி வந்தார். அத்தாவோடு அந்தத் தூண்களுக்குக் குழி வெட்டியவர்.

"பிளான்ல நாலடிங்க அம்மணி. குளத்து மண்ணுக்குப் பத்தாதுன்னு உங்கத்தா ஆறடிக்கு ஆறடி வெட்டச் சொல்லிப்போட்டாரு. இஞ்சினியரு வைவாருன்னு யாருகிட்டயும் மூச்சு உடுல."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"நானுங் கேட்டேனுங்க. புள்ள எழுதிக் குடுத்துருச்சு, நான் போயித் தப்புன்னா ஜமாத்துல அது பேரு என்னாகும்னாரு."

தெருப்பக்கத் தூணருகே தோண்டச் சொல்லி அடித்தளத்தை அளந்தேன். ஆறடி, ஓரங்குலம். பதினாறு சதுர அடியல்ல, முப்பத்தாறுக்கும் மேல். மறுபடி கணக்கிட்டேன்.

நிஜாம் வந்து குழியை எட்டிப் பார்த்தார்.

"தப்பு என்னுதுங்க. செங்கல் டோம் தாங்கியிருக்குமுங்க" என்றேன்.



"இனி அதச் சொல்லி என்னம்மா பண்றது?" என்றவர், பிற்பகல் அஸர் தொழுகைக்கு ஆள் வருமுன் குழியை மூடச் சொன்னார்.