துபாயிலிருந்து நான்கு மணி நேரம்

நீலசந்திராவில் ஒரு சிறிய டிராவல்ஸில் டிக்கெட் போடும் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் பக்கத்துத் தெரு முருகேசன் வந்தார். அவருடைய அக்கா வீட்டுக்காரர் அன்று மதியம் இறந்துவிட்டார். அக்கா மகன் பிரபு துபாயில் இருக்கிறார். அவர் வர வேண்டும்.

மறுநாள் காலை ஒன்பது மணி ஃபிளைட்டில் ஒரு சீட் கிடைத்தது. டிக்கெட்டைப் பிரபுவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன்.

"எத்தனை மணி நேரம் ஆகும் தம்பி?"

"ரெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சார். நாலு மணி நேரம்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கேள்விக்குச் சரியான விடை சொன்னால் வேலை முடிந்தது என்றுதான் பழகியிருந்தேன். எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்கவில்லை.

காலையில் கடைக்குப் போகும் வழியில், தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அடியில் 'உடல் எடுக்கும் நேரம்: 3 மணி' என்று இருந்தது. நின்றுவிட்டேன். பிரபுவின் ஃபிளைட் இறங்குவதே இரண்டரைக்கு. நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

முருகேசன் வாசலில் சேர் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குள் பிரபுவால் வந்து சேர முடியாது என்றேன்.

"நீதானப்பா நாலு மணி நேரம்னு சொன்ன? ஒன்பதும் நாலும் ஒண்ணு. ரோட்டுக்கு ரெண்டு மணி நேரம். கணக்கு சரிதானே?"

"அந்த ஒன்பது துபாய் ஒன்பது சார். நமக்கு அப்போ பத்தரை. இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடிச்சு வீடு வந்து சேர அஞ்சேகால் ஆயிடும்."

"இத நேத்து வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன? ஆறு மணிக்கு மேல மயானத்துல குழியில இறக்க விட மாட்டாங்க. தமட்டை அடிக்கிற செட்டுக்கும் மூணு மணின்னு சொல்லியாச்சு."

உள்ளே ஃப்ரீசர் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரபுவின் அம்மா எங்களைப் பார்த்துச் சொன்னார்: "அவன் வராம எடுக்கக் கூடாது. ஆறு மணியாவது ஏழு மணியாவது."

பிரபுவுக்கு போன் போட்டேன். துபாய் ஏர்போர்ட்டில் செக்-இன் வரிசையில் நின்றிருந்தார்.

"அண்ணே, பெட்டிய லக்கேஜ்ல போடாதீங்க. கூட யாராவது இருந்தா குடுத்துட்டு வெறும் பையோட வாங்க. முன்னாடி சீட் கேளுங்க."

டிராஃபிக்கில் மாட்டாமல் இருக்க, சொல்லிவைத்திருந்த டாக்ஸியை கேன்சல் செய்து, முருகேசனின் மகனை பைக்கில் தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்கு அனுப்பினோம். நான் வெள்ளைத் தாளில் 5 என்று பெரிதாக எழுதி, சுற்றுவட்டாரத்தில் கட்டியிருந்த நான்கு ஃபிளெக்ஸிலும் 3-இன் மேல் ஒட்டினேன். கடைக்குத் தாமதம். ஓனரிடம் உண்மையைச் சொன்னேன். "ரெண்டே முக்காலுக்கே போய் நில்லு அங்க. யாராவது கத்தினா நீயே வாங்கிக்கோ," என்றார்.

மூன்று மணிக்கே வந்துவிட்டவர்கள் கத்தத்தான் செய்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

நாலு ஐம்பதுக்கு பைக் வந்தது. பிரபு இறங்கி ஓடிவந்து பெட்டியின் மேல் கவிழ்ந்தார். தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது. அம்மா எழுந்து அதைக் கழற்றினார்.

"மூஞ்சியக் காட்டுடா அவருக்கு," என்றார்.

ஐந்தேகாலுக்கு எடுத்தார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எத்தனை மணி நேரம் என்று யாராவது கேட்டால், அங்கே என்ன காத்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பிறகு, வீட்டு வாசலுக்கு வந்து சேரும் நேரத்தை நம்மூர்க் கடிகாரப்படி ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.