பாதியில் நின்ற ஜெபம்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கும் ஸ்டெல்லா வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். விடியற்காலையில் அவள் ஜெபிப்பது என் அறை வரை கணீரென்று கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகர், "ஸ்டெல்லா மாதிரி ஜெபம் பண்ணக் கத்துக்குங்க" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னதிலிருந்து என் வயிறு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் முதல் நானும் அதே நேரத்தில் முழங்காலிட்டேன். அவள் குரல் உயர்ந்தால் என் குரலும் உயரும். அவள் ஆமென் சொல்லும்வரை நான் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் காலை, கணவர் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கப் போயிருந்தார். இரண்டு வயது மகள் எழுந்து நடக்கும் கொலுசுச் சத்தம் கேட்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை. சற்று நேரத்தில் ஸ்டெல்லாவின் ஜெபம் பாதியில் நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று மகிழ்ந்து, இன்னும் உரக்க ஜெபித்தேன்.

"அக்கா! ஜல்தி வாங்க!"

கொல்லைக்கு ஓடினேன். இரு வீட்டுக்கும் பொதுவான கிணற்றை ஒட்டிய துவைக்கிற கல்லின்மேல் என் மகள் ஏறி நின்றிருந்தாள். ஸ்டெல்லா அவளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கொலுசு சத்தம் கிணத்துப் பக்கமா போச்சுக்கா. அதான் ஓடியாந்தேன்."

"ஜெபம் பண்ணிக்கினு இருந்தியே?"

"சாமி எங்க போயிடப் போறாரு? புள்ளையப் பாத்துட்டு வந்து மிச்சத்தச் சொல்லிக்கலாம்."

மகளை வாங்கி அணைத்துக்கொண்டு அழுதேன். என் பிள்ளையின் ஆபத்து எனக்குப் புரியாமல் அவளுக்குப் புரிந்ததே என்று அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.

இப்போதெல்லாம் மகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வசனம் வாசித்து, மெல்லிய குரலில் ஜெபிக்கிறேன். "ஸ்டெல்லாவை நினைத்தால் இன்னும் எரிகிறது, ஆண்டவரே" என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.