ஆயக்குடியில் திறக்க விடாத பின்கதவு

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாதம், என் தங்கை செசிலியைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து ஆயக்குடிக்கு, அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருந்தார்கள். உட்கார்ந்து வர முடியாது. கிடைத்தது தோல் வியாபாரி கரீம் பாயின் ஸ்டேஷன் வேகன். பின்கதவின் கண்ணாடியை மேலே தூக்கி, கீழ்ப்பலகையை இறக்கினால் ஆள் நீளத்துக்கு மெத்தை விரிக்கலாம். அதில் அவளையும் குழந்தையையும் படுக்க வைத்தோம். கைப்பிடி வெளியே மட்டும்தான். முப்பது மைல் சொச்சம். போக வர பெட்ரோலுக்குப் பதினைந்து ரூபாய். பாய் வாடகை வாங்கவில்லை.

அம்மாவுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் ஆபரேஷன் என்று மட்டும் இருந்தது. நேரில் போய் அசத்தலாம் என்று தந்தி கொடுக்கவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். வெயிலுக்காகப் பின்கண்ணாடிகளில் துணி கட்டியிருந்தோம். தையல் வலிக்காமல் பாய் மெதுவாக ஓட்டியதால் பழனி பஸ் எங்களை முந்தியது. ரெட்டியார்சத்திரத்தில் புளி உலுக்கியவர்கள் எங்களைக் கண்டதும் வேலையை நிறுத்தினார்கள். ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். ஒட்டன்சத்திரத்தில் டீக்கடை ரேடியோவை அணைத்தார்கள். எல்லார் கண்ணும் பின்கதவில்.

"என்ன பாய், இப்படிப் பாக்குறாங்க?"

"ஆஸ்பத்திரியில யாராச்சும் மவுத்தாப் போனா ஒடம்ப இந்த வண்டியிலதான் தம்பி ஊருக்குக் கொண்டாருவோம். ஒங்களுக்குத் தெரியும்னுல்ல இருந்தேன்."

நான் சென்னையில் வேலை பார்த்தவன். எனக்கு யார் சொன்னார்கள்?

பதினொன்றேகாலுக்கு ஆயக்குடிக்குள் நுழையும்போதே ஒப்பாரி கேட்டது, எங்கள் வீட்டிலிருந்து. எங்களை முந்திய பஸ்ஸில் போனவர்கள், முன்சீட்டில் என்னைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

குதித்து இறங்கி, "செசிலி சுகமா இருக்காம்மா" என்றேன். இழவு சொல்ல வருபவர்களும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். வண்டிக்குள் செசிலி மருந்து மயக்கத்தில் தூங்கினாள். அம்மா பின்கதவில் முதுகைச் சாய்த்து மறித்து நின்றாள்.

"தெறக்காத கண்ணு. தெறக்காத வரைக்கும் எம் புள்ள எனக்கு இருக்கா."

உள்ளே குழந்தை அழுதது.

"கொழந்தை சரி," என்றாள் அம்மா. "பெத்தவ?"

அவள் முதுகுக்குப் பின்னால் பலகையில் தட்டும் சத்தம். "அம்மா, உள்ள வேகுது. கதவத் தெறங்க."

அந்தக் கைப்பிடியைக் கீழே அழுத்திவிட்டுத்தான் மேலே இழுக்க வேண்டும். அம்மாவுக்குத் தெரியவில்லை; பிய்த்தெறிவது போல இழுத்தாள். பாய் அவள் கையைப் பிடிக்காமல், தன் கையால் காற்றில் அழுத்திக் காட்டினார். பலகை இறங்கியதும் முதலில் தெரிந்தவை செசிலியின் பாதங்கள். அவற்றைப் பிடித்துச் சூடு பார்த்தவள், விடவேயில்லை.

நோயாளியை இப்படிக் கூட்டிப் போகிறவர்கள் முந்தின நாளே தந்தி கொடுங்கள். 'நலம்' என்பதை முதல் சொல்லாகப் போடுங்கள். வண்டி யாருடையது, எதற்கெல்லாம் போகிறது என்று விசாரியுங்கள். வாசலில் நின்றதும் உள்ளே இருப்பவரை முதலில் பேச விடுங்கள்.

பேரனைக் கையில் வாங்க அம்மாவுக்கு மறுநாள் ஆயிற்று.