அத்தான் பிடித்த அக்காவின் விரதங்கள்

போன கிழமை அத்தான் கிணற்றடியில் விழுந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை. முழங்கையில் உரஞ்சல் மட்டும். ஆனால், கனடாவில் இருக்கும் அவருடைய மகள் என்னைப் போனில் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அப்பா இன்னொருக்கா விழுந்தாரெண்டால் முதியோர் இல்லந்தான். சொல்லிப்போட்டன்!"

அத்தானுக்கு எழுபத்தாறு வயது. அவர் மனைவி, என் அக்கா, காலமாகி இரண்டு வருஷமாகிறது. கொக்குவிலில் அந்தப் பெரிய வீட்டு வளவுக்குள் தனியே இருக்கிறார். அதை விட்டுப் போவதா? "என்னைச் சுடலைக்குக் கொண்டுபோறதெண்டாலும் இந்த வாசல் படலையாலைதான்" என்பார்.

டொக்டரிடம் கூட்டிப்போனேன். இளம் பெண். எக்ஸ்ரே, ஸ்கேன் என்று எழுதித் தருவார் என்று நினைத்தேன். அவரோ, "ஐயா, கதிரையிலையிருந்து கையூண்டாமல் ஒருக்கா எழும்புங்கோ" என்றார்.

அத்தான் முக்கினார், முனகினார்... எழும்ப முடியவில்லை.

"நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?"

"நேற்று செவ்வாய், விரதம். தேத்தண்ணியும் விசுக்கோத்தும்."

"முந்தநாள்?"

"சதுர்த்தி."

"அதுக்கு முதல் நாள்?"

"அண்டைக்கு ரெண்டு துண்டு பாண்."

அத்தானாவது, விரதமாவது! அக்கா இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமையிலும் கடைக்குப் போய்க் களவாக மீன் பொரியல் தின்ற மனுஷன். விசாரித்தபோதுதான் விளங்கியது — அக்கா பிடித்துவந்த விரதங்களை எல்லாம் இப்போது இவர் பிடிக்கிறார். செவ்வாய், வெள்ளி, சதுர்த்தி, சஷ்டி. போதாக்குறைக்குக் கேதாரகௌரி!

"அவ விட்டதை நான் பிடிக்காட்டி ஆர் பிடிக்கிறது?" என்றார்.

டொக்டர் சிரிக்கவில்லை. "வயசு போகப் போகத் தசை கரையும், ஐயா. முட்டை, மீன், பயறு, உளுந்து, பால்... இப்பிடி ஏதாவது ஒவ்வொரு நாளும் வேணும். காலிலை பெலன் இருந்தால்தான் விழாமல் நடக்கலாம்."

எங்கள் ஊரில் ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. வயது போனால் வாயைக் கட்டவேண்டும். "இந்த வயசிலை இனியென்ன சாப்பாடு?" என்று சொல்பவர் பெரிய ஞானி! பேரனுக்கு இரண்டு முட்டை, அப்பப்பாவுக்கு இரண்டு ரஸ்க். ஏன், வளர்கிற பிள்ளைக்கு மட்டுந்தானா கால் தேவை? மகள் கனடாவிலிருந்து அனுப்பிய சத்துமா டின், அத்தான் வீட்டு ஷோகேசில் மூடி திறக்காமல் நிற்கிறது. விருந்தாளிகள் பார்ப்பதற்கு!

திரும்பி வரும்போது ஓட்டோவில் அத்தான் அடித்துச் சொன்னார். "அவவின்ரை விரதத்தை மட்டும் விடமாட்டன், தம்பி."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அவருக்கு மனைவி என்றால் எனக்கு அக்கா அல்லவா?

"அத்தான், பொம்பிளையள் கேதாரகௌரி பிடிக்கிறது ஆருக்காக?"

"புருஷனுக்காக."

"அப்ப, அக்கா இவ்வளவு காலமும் பட்டினி கிடந்தது உங்கடை உடம்பு நல்லா இருக்கவேணுமெண்டு. நீங்கள் அதே விரதத்தைப் பிடிச்சு அந்த உடம்பைக் கரைக்கிறியள். அவ இருந்தால் ஏசமாட்டாவோ?"

சந்தி கடந்தது, ரயில் கடவையும் கடந்தது. படலையடியில் என் தோளைப் பிடித்து இறங்கியபின் அத்தான் மெல்லக் கேட்டார்.

"தம்பி... முட்டை எவ்வளவு நேரம் அவியவேணும்?"