குழாய்க்குள் போன நெருப்பு

தவளக்குப்பம் கூட்டுரோட்டில் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழக் கூடையைக் கடந்தால் போதும், அந்தப் பூண்டு நாற்றத்தோடு, வில்லியனூரில் இப்போது இல்லாத எங்கள் கேஸ் வெல்டிங் கொட்டகையும், தண்ணீர் பட்ட அதே கல் டிரம்முக்குள் கேஸைக் கக்கியபடி நாளெல்லாம் முணுமுணுக்கும் சத்தமும் வந்துவிடுகின்றன.

அதுவரை மாதாகோயில் தேர்பவனிக்குக் கார்பைடு விளக்கு தூக்கிக்கொண்டிருந்த அப்பா, வெல்டிங்குக்குப் புதுசு. ஒருநாள் நெருப்பைக் கக்கும் வெல்டிங் டார்ச்சின் முனை ரொம்பச் சூடேறி, பட்டென்று ஒரு சத்தம் போட்டு, நெருப்பு காணாமல் போனது. ஆனால் கைப்பிடிக்குள் ஏதோ விசிலடித்துக்கொண்டே இருந்தது. விளக்கு அடைத்துக்கொண்டால் முனையில் வாய்வைத்து ஊதிவிடுவது அவர் பழக்கம். அப்படியே டார்ச்சையும் வாய்க்குக் கொண்டுபோனார்.

“யோவ், ஊதாதய்யா! பொக வருது பாரு, நெருப்பு உள்ள பூந்துக்கிச்சி!”

அம்மா ஓடிவந்து டார்ச்சைப் பிடுங்கி, ஆக்சிஜன் திருகை மூடி, கேஸையும் மூடினாள். விசில் நின்றது.

“தேரு வெளக்குன்னு நெனச்சிட்டேன்டி,” என்று அப்பா அசடு வழிந்தார்.

“இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா உனக்கே தேரு கட்டியிருப்பாங்க.”

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டார்ச்சிலிருந்து கேஸ் டிரம்முக்குப் போகும் ரப்பர் குழாயைத் தொட்டுத் தொட்டு, சூடு எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று தேடிக்கொண்டே போனேன். டிரம்முக்குப் பாதி தூரம் வந்திருந்தது.